"52-இல் 28 போனால் 20, டீச்சர்!"

இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். மூன்று பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

வகுப்பில் 32 பிள்ளைகள். ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, இரண்டு மாதமாகத் தினமும் காலையில் கால் மணி நேரத்தை மனக்கணக்குக்கு ஒதுக்குகிறார். போர்டில் ஒரு கணக்கை எழுதுவார். பிள்ளைகள் பென்சில், நோட்டு எதுவும் இல்லாமல் மனதுக்குள் போட்டு, எப்படிப் போட்டோம் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரே உற்சாகம். இப்போது பேசுவது அதே நான்கு பேர். மற்றவர்கள் எப்போது முடியும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு வழிமுறைகளைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டி, தினமும் ஒப்பிக்கவும் சொல்லிப் பார்த்துவிட்டார். பிள்ளைகள் ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம் நடந்தது அவரை ரொம்பவே அசைத்துவிட்டது. கணக்கு 52 − 28. நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, "28-ஐ 30 ஆக்கிட்டேன் டீச்சர். 52-இல் 30 போனா 22. ரெண்டு சேர்த்தேன் இல்லையா, அதனால ரெண்டைக் கழிச்சிட்டேன். 20" என்றிருக்கிறான். நாலைந்து பேர் "ஆமா டீச்சர்" என்று தலையாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் மெல்ல "24" என்றாள். எப்படி என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். ஆசிரியை பதறிப்போய், போர்டை அழித்துவிட்டு, கடன் வாங்கிக் கழித்து 24 என்று காட்டி வகுப்பை முடித்துவிட்டார்.

பெற்றோர் சிலர், "பக்கத்து வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலே முடித்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறீர்களே" என்கிறார்களாம். தலைமை ஆசிரியர் இந்தப் பருவம் முடியும் வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். ஆசிரியையின் கேள்விகள் நான்கு: இதை நிறுத்திவிடலாமா? தவறான விடையைப் போர்டில் எழுதினால் அதுவே மனதில் பதிந்துவிடாதா? பேசாத பிள்ளைகளுக்கு மனக்கணக்கு வராது என்று வைத்துக்கொள்ளலாமா? விரல் விட்டு எண்ணக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன், அது சரிதானே?

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் 20 என்று சொன்ன நாள்தான் இந்த இரண்டு மாதத்தில் உங்கள் வகுப்பு உங்களுக்குக் கொடுத்த மிக நல்ல நாள். நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் 20 வருடம் சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவன், இப்படி எத்தனையோ நாட்களை டஸ்டரால் துடைத்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு வந்த பிறகுதான், மற்றவர்கள் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது, நான் எதைத் துடைத்தேன் என்று புரிந்தது.

அந்த 20 எங்கிருந்து வந்தது?

அந்தப் பையன் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். "ரெண்டு சேர்த்தேன், அதனால ரெண்டைக் கழிச்சிட்டேன்." இது கவனக்குறைவில் வந்த தவறு கிடையாது. கூட்டலில் இதே விதி மிகச் சரியாக வேலை செய்யும். 38 + 29 என்றால் 29-ஐ 30 ஆக்குகிறோம், 68 வருகிறது, சேர்த்த ஒன்றைக் கழித்தால் 67. உங்கள் சார்ட்டில் மூன்றாவது வழியாக எழுதியிருப்பதும் இதுதானே: "பக்கத்துப் பத்தாக்கு, எவ்வளவு சேர்த்தாயோ அவ்வளவு கழி." பையன் சார்ட்டைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறான். கழித்தலில் ஏன் அது தலைகீழாகிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. தலையாட்டிய நாலைந்து பேருக்கும் அதே சார்ட்தான்.

கூட்டலில், தேவைக்கு மேல் இரண்டு வைத்துவிட்டோம் என்றால் அந்த இரண்டை எடுக்க வேண்டும். கழித்தலில், தேவைக்கு மேல் இரண்டு எடுத்துவிட்டோம் என்றால் அந்த இரண்டைத் திருப்பி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு வரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் "28 சின்னது, 30 பெரியது, பெரியதைக் கழித்தால் மிச்சம் சின்னதாகும்" என்று மூன்று யோசனைகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டும். மனதின் தற்காலிகக் கொள்ளளவு அந்த வயதில் ரொம்பக் குறைவு. அதனால்தான் விதி மட்டும் தங்கியது, காரணம் நழுவிவிட்டது.

அன்றைக்கு என்ன செய்திருக்கலாம்? 20, 24 இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, எது சரி என்று சொல்லாமல், "சரி, ரெண்டு விடை இருக்கு. ரெண்டும் சரியா இருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கலாம். அப்புறம் ஒரு கோடு. அளவு குறிக்காத வெறும் கோடு போதும்; நெதர்லாந்தில் கணிதக் கல்வியாளர்கள் இந்த வெற்று எண்கோட்டை ஆரம்ப வகுப்புகளுக்கு வளர்த்தெடுத்தார்கள். வலது ஓரத்தில் 52. அங்கிருந்து இடது பக்கம் 30 தாண்டினால் 22. "நம்மை எத்தனை தாண்டச் சொன்னாங்க? எத்தனை தாண்டினோம்? அப்போ நாம போக வேண்டிய இடத்துக்கு வந்திருக்கோமா, தாண்டிப் போயிட்டோமா?" இந்தக் கேள்விக்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியதே இருக்காது. யாராவது ஒரு பிள்ளை, "ரெண்டு திரும்பி வரணும்!" என்று கத்தும்.

எழுந்து கத்துவது அந்தப் பையனாகவே இருந்தால் இன்னும் நல்லது. தன் விடையைத் தானே மாற்றிக்கொள்ள அவனுக்கு வழி வைத்திருப்பது முக்கியம். நான் வகுப்பில் ஒரு வாக்கியத்தைப் பழக்கிவைத்திருந்தேன்: "நான் என் விடையை மாத்திக்கிறேன், ஏன்னா..." அந்த "ஏன்னா" இல்லாமல் மாற்றக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

தவறான விடை போர்டில் இருந்தால் மனதில் பதிந்துவிடும் என்ற உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். விளக்கமில்லாமல், யாரும் கேள்வி கேட்காமல் ஒரு தவறு நின்றால் அது பதியலாம். ஆனால் இப்போது அது ஏற்கனவே அவன் தலைக்குள் பதிந்துதான் இருக்கிறது. போர்டுக்கு வந்ததால்தான் உங்களுக்கே தெரிந்தது. கடன் வாங்கிக் கழித்து 24 என்று காட்டியதால் அவன் தன் 20-ஐ விட்டுவிடவில்லை. "டீச்சர் வழியில் 24 வருது, என் வழியில் 20 வருது" என்று வைத்துக்கொண்டிருப்பான். பிள்ளைகளுக்கு இது முரணாகவே தோன்றாது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

சார்ட்டைக் கழற்றிவிடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "நான்கு வழிமுறைகளையும் நடத்தி முடித்துவிட்டேன், ஆனால் பிள்ளைகளால் எது எப்போது என்று சொல்ல முடியவில்லை" என்பது. பிரச்சினையின் வேர் அந்த "நடத்தி முடித்துவிட்டேன்" என்பதில் இருக்கிறது.

நீங்கள் செய்யும் இந்தக் காலை நேரப் பயிற்சியை 1990-களின் தொடக்கத்தில் ரூத் பார்க்கர், கேத்தி ரிச்சர்ட்சன் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் உருவாக்கினார்கள். எண்களைப் பற்றிப் பிள்ளைகள் பேச வேண்டும், ஆசிரியர் கேட்டு எழுத வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பயிற்சி வகுப்புகளில் இது கைமாறிக் கைமாறி வரும்போது, ஆசிரியர் நான்கு வழிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிள்ளைகள் நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று திரிந்துவிடுகிறது. அப்படிச் செய்வதைவிடக் கடன் வாங்கிக் கழித்தல் ஒன்றையே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பேன். மனப்பாட விதி ஒன்று இருந்தால் ஒரு குழப்பம். நான்கு இருந்தால் எதை எங்கே போடுவது என்ற ஐந்தாவது குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

வழிமுறைகள் பிள்ளைகளிடமிருந்து வர வேண்டும் என்றால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் வேலை கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. எந்தக் கணக்கை, எதற்குப் பின்னால் வைக்கிறீர்கள் என்பதே பாடம். 52 − 28 என்று தனியாகக் கொடுக்காமல், ஒரு நாள் இந்த வரிசையில் கொடுத்துப் பாருங்கள்:

52 − 30
52 − 29
52 − 28

முதலாவது எல்லோருக்கும் வரும், 22. இரண்டாவதில் வகுப்பு இரண்டாகப் பிரியும்: 21 என்று ஒரு கட்சி, 23 என்று ஒரு கட்சி. அங்கே நின்றுவிடுங்கள். "முதல் கணக்கில் எவ்வளவு எடுத்தோம்? இதில் அதைவிட அதிகமா எடுக்கிறோமா, குறைவா எடுக்கிறோமா? அப்போ மிச்சம்?" குறைவாக எடுத்தால் அதிகம் மிஞ்சும் என்பதை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால், மூன்றாவது கணக்கு தானாக விழுந்துவிடும். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது இந்த வரிசைதான். இதே போல 6 + 6, 6 + 7 என்று கொடுத்தால் இரட்டிப்பிலிருந்து ஒன்று கூடுவது வெளியே வரும்; 8 + 2, 8 + 5 என்றால் பத்தாக்குவது வரும். சிறிய எண்களில் நன்றாகப் பழகட்டும். பெரிய எண்ணைக் கொடுப்பதால் மட்டும் யோசனை பெரிதாகிவிடாது.

எண்களின் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள், இது நம் மொழியில் கிடைக்கும் இலவச உதவி. முப்பத்தெட்டு என்று சொல்லும்போதே முப்பதும் எட்டும் காதில் விழுகின்றன, பத்துகள் முன்னால் வருகின்றன. ஜெர்மன் பேசும் பிள்ளைகள் எட்டை முதலில் சொல்லி முப்பதைப் பின்னால் சொல்ல வேண்டும். நம் பிள்ளை 38 + 25-ஐ மனதில் போடும்போது "முப்பதும் இருபதும் ஐம்பது, எட்டும் ஐந்தும் பதிமூன்று, அறுபத்து மூன்று" என்று சொல்லும் வரிசையிலேயே போய்விடலாம். எழுதிப் போடும் முறைதான் வலமிருந்து தொடங்குகிறது. "ஒன்றுகளிலிருந்து ஆரம்பி" என்று நீங்கள் மனக்கணக்கு நேரத்திலும் திருத்துவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். ஆனால் ஓர் இடத்தில் மொழி காலை வாரும். தொண்ணூறு: பெயரில் நூறு இருக்கிறது, மதிப்போ ஒன்பது பத்து. எண்பத்தொன்பதுக்கு அடுத்து "எண்பத்துப் பத்து" என்று சொல்லும் பிள்ளைக்குத் தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆரம்ப வாரங்களில் தொண்ணூறுகளைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அனுபவம்.

பேசாத 28 பேர்

இவர்களைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகக் கவலை, எனக்கும்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் முறையைப் பார்க்கிறேன். கணக்கை எழுதுகிறீர்கள், யார் முதலில் கை தூக்குகிறார்களோ அவரைக் கேட்கிறீர்கள், விடை சரியென்றால் "வெரி குட்" என்கிறீர்கள். 32 பேர் இருக்கும் அறையில் முதல் கை இரண்டு மூன்று நொடியில் எழும்பிவிடும். அந்தக் கை எழும்பிய நொடியில் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்துவிட்டதே, இனி எதற்கு? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளில் ஒன்றைக் கவனித்தார்: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மனக்கணக்குக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? அரை நிமிடம் வேண்டும்.

அரை நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். எனக்கு வாய் நிற்கவே நிற்காது. அதனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி முப்பது வரை எண்ணுவேன். பிள்ளைகளிடம் "விரல் விட்டு எண்ணாதே" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இதைச் செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கை தூக்குவதற்குப் பதிலாக, விடை கிடைத்தவர்கள் கட்டைவிரலை நெஞ்சருகே வைக்கட்டும். உங்களுக்கு மட்டும் தெரியும், பக்கத்துப் பிள்ளையை அது விரட்டாது. சீக்கிரம் முடித்த அந்த நான்கு பேருக்கும் வேலை உண்டு: இன்னொரு வழியில் போட்டுப் பார்த்து, கிடைத்தால் இன்னொரு விரலை நீட்டட்டும். பெரும்பாலான கட்டைவிரல்கள் வந்த பிறகு விடைகளை மட்டும் கேளுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள், முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு முறை முதல் விடை வந்ததுமே என் வாயிலிருந்து "சபாஷ்" வந்துவிட்டது. வகுப்பின் மறுபாதியில் கட்டைவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியில் இறங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. அவர்களில் எத்தனை பேர் அதே விடையை வைத்திருந்தார்கள், எத்தனை பேர் வேறு விடை வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

அப்புறம், வகுப்பு முன்னால் பேசுவதற்கு முன் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு நிமிடம் சொல்லட்டும். அந்த நேரத்தில் நீங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து காதை மட்டும் கொடுங்கள். "24" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு வழி தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. 28-இலிருந்து 30-க்கு இரண்டு, 50-க்கு இருபது, 52-க்கு இரண்டு என்று முன்னோக்கி எண்ணியிருக்கலாம். அது கழித்தல் போலவே இருக்காதே, இதைச் சொன்னால் டீச்சர் ஏற்பாரா என்று தயங்கியிருக்கலாம். பக்கத்துப் பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளுக்குப் பயமிருக்காது. நீங்கள் கேட்டுவிட்டால், "இதை எல்லோருக்கும் சொல்றியா, இல்ல நான் உனக்காகச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை. போர்டில் அவள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. பேசுவதை மார்க்காக மாற்றிவிடாதீர்கள். இன்று பேசாத பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்கிறதா என்று தெரிய வேண்டுமா, "இப்போ அவன் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். அது விடை தெரிய வேண்டாத கேள்வி, அதனால் பயமும் குறைவு. வாரத்துக்கு ஒரு முறை துண்டுத் தாளில் ஒரு கணக்கைக் கொடுத்து எப்படிப் போட்டாய் என்று எழுதவோ வரையவோ சொன்னால், வாய் திறக்காதவர்களில் பாதிப் பேர் உங்களை ஆச்சரியப்படுத்துவார்கள்.

விரல்? தடையை நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் 8 + 5-ஐப் போடும் விதம் படிப்படியாக மாறும். முதலில் எட்டையும் ஐந்தையும் ஒன்றிலிருந்து முழுதாக எண்ணுவார்கள். பிறகு எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று தொடர்வார்கள். அதன்பின் எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கி மூன்றைச் சேர்ப்பார்கள். கடைசியில் பார்த்ததும் பதிமூன்று என்று வரும். விரல் என்பது இந்த ஏணியில் கீழ்ப்படி. பிடுங்கிவிட்டால் பிள்ளை மேல்படிக்குத் தாவாது. மேஜைக்கு அடியில் மறைத்து எண்ணும், அல்லது பக்கத்து நோட்டைப் பார்க்கும். விரலை வைத்தே நகர்த்தலாம்: "ஒரு கையில ஐந்து இருக்குன்னு தெரியும்தானே, அதை ஏன் எண்ணுறே?"

ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வருடம் முழுவதும் மற்றவர்கள் நகர்ந்த பிறகும் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறது, நான்கு புள்ளிகளைப் பார்த்தால்கூட எண்ணித்தான் சொல்கிறது, எது பெரிய எண் என்பதில் தடுமாறுகிறது என்றால், அதை "மெதுவான பிள்ளை" என்று விட்டுவிட வேண்டாம். எண்களைக் கையாள்வதில் பிறவியிலேயே உள்ள கற்றல் குறைபாடு சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. நீங்கள் கவனித்ததைத் தேதியோடு எழுதிவைத்து, பெற்றோரிடம் பேசி, சிறப்புக் கல்வியாளரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ அனுப்புங்கள். அப்படிப்பட்ட பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி விளக்கச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெற்றோரும் தலைமை ஆசிரியரும்

பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் ஒரு நல்ல கருவி. நான்கு இலக்க எண்களை மனதில் கழிக்க யாரும் மெனக்கெட வேண்டாம். உங்கள் கடிதத்தில் அதைப் பகைபோல எழுதியிருக்கிறீர்கள், அந்த மனநிலையோடு பெற்றோரிடம் பேசினால் சண்டைதான் மிஞ்சும். பாடத்திட்டம் கேட்பதை முடிக்க வேண்டியது உங்கள் கடமை. அதிலிருந்து விலக உங்களுக்கு உரிமை இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். எப்போது, எந்த அஸ்திவாரத்தின் மேல் என்பதில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

அவர்களிடம் காட்ட ஒரு கணக்கு தருகிறேன். கான்ஸ்டன்ஸ் கமீ என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 7 + 52 + 186 என்பதைத் தாளில்லாமல் போடச் சொன்னார். எழுதிக் கூட்டும் முறையை நேரடியாகக் கற்ற வகுப்பைவிட, அதைக் கற்காமல் சொந்த வழியில் யோசித்துப் பழகிய வகுப்பில் சரியான விடை (245) அதிகம் வந்தது. தவறான விடைகள்தான் இன்னும் சுவாரசியம். முறையைக் கற்ற வகுப்பில் 29 என்று ஒரு விடை: எல்லா இலக்கங்களையும் வெறும் ஒன்றுகளாக நினைத்து 7, 5, 2, 1, 8, 6 என்று கூட்டினால் 29. இன்னொன்று 938: 7-ஐ நூறுகள் இடத்தில் வைத்து 752-ஓடு 186-ஐக் கூட்டினால் அதுதான் வரும். 186 என்ற எண் ஏற்கனவே கையில் இருக்கும்போது 29 எப்படி வரும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. இது சில வகுப்புகளில் மட்டும் பார்த்தது, இதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் டாமஸ் கார்ப்பென்டரும் குழுவினரும் பல வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது: முதலில் சொந்த வழிகளில் போட்டுப் பழகிய பிள்ளைகள் பத்துகள், ஒன்றுகள் பற்றிய புரிதலை முன்னதாகவே காட்டினார்கள், புதுவிதக் கணக்குகளுக்கும் அதை நன்றாகப் பயன்படுத்தினார்கள்.

ஆராய்ச்சியெல்லாம் சொன்னாலும் பெற்றோரை அசைப்பது தங்கள் பிள்ளைதான். கூட்டம் நடக்கும் நாளில் அவர்களுக்கே ஒரு கணக்கு கொடுங்கள்: 1000 − 998. பாதிப் பேர் காற்றில் விரலால் எழுதிக் கடன் வாங்கத் தொடங்குவார்கள், மீதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேசுவது சுலபம். வீட்டில் "விடை என்ன?" என்பதோடு "எப்படிப் போட்டே?" என்றும் கேட்கச் சொல்லுங்கள், விடை சரியாக இருக்கும்போதும். சரியாக இல்லாதபோது மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே தவறு என்பதற்கு அடையாளமாகிவிடும்.

தலைமை ஆசிரியருக்குக் காட்ட ஏதாவது வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது எதுவும் உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. இந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இரண்டு நிமிடம் உட்காரவைத்து 9 + 6, 30 − 2, 25 + 26 மூன்றையும் கேட்டு, விடையோடு எப்படிப் போட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பருவ முடிவில் அதே மூன்று. 32 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், ஆனால் எந்தத் தேர்வுத் தாளும் இதைச் சொல்லாது.

நிறுத்தலாமா?

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. நிறுத்திவிட்டு எழுத்துமுறைக்கே போகலாம்: பெற்றோர் அமைதியாவார்கள், பருவத் தேர்வும் நன்றாக வரும், ஆனால் அந்த 20 அப்படியே உள்ளே கிடக்கும். இப்போது நடப்பது போலவே தொடரலாம், அதற்கு நிறுத்துவதே மேல். நான்கு பேர் நடிக்க 28 பேர் பார்க்கும் கால் மணி நேரம், "கணக்கு எனக்கானது இல்லை" என்பதைத் தினமும் அந்த 28 பேருக்கும் சொல்லிக்கொடுக்கும். மூன்றாவது, குறைத்துக்கொண்டு மாற்றுவது. நான் இதைத்தான் சொல்வேன். வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம், தாண்டவே வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள், மறுநாள் மிச்சத்தைக் கேட்பார்கள். மீதி இரண்டு நாளும் எழுத்துமுறைக்கு. அதைச் சொல்லிக்கொடுக்கும்போது, "இதை நாம மனசுல எப்படிப் போட்டோம்?" என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 52-ஐ நாற்பதும் பன்னிரண்டுமாகப் பிரிப்பதுதான் கடன் வாங்குவது என்று அவர்களே கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும். நீங்கள் "வெரி குட்" சொல்வதை நிறுத்தியதும் அந்த நான்கு பேரும் வாடிப்போவார்கள், காத்திருக்கும் அரை நிமிடத்தில் பின் பெஞ்சில் சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

திங்கட்கிழமை அந்தப் பழைய கணக்கிலிருந்தே தொடங்குங்கள். "போன வாரம் நான் அவசரப்பட்டு அழிச்சிட்டேன், அதை மறுபடியும் பார்க்கலாம்" என்று சொல்லி 20, 24 இரண்டையும் எழுதுங்கள். ஆசிரியை தன் வேலையைத் திரும்பப் பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். 52 − 30, 52 − 29, 52 − 28 வரிசையைக் கொடுங்கள், முதுகுக்குப் பின்னால் விரலை மடக்குங்கள். இரண்டு நாள் கழித்து 61 − 29. பக்கத்தில் பேசிக்கொள்ளும் நேரத்தில் அந்தப் பையனுக்கு அருகில் போய் நில்லுங்கள். அவன் 30 என்கிறானா, 32 என்கிறானா, அதற்கு என்ன காரணம் சொல்கிறான் என்பதை எனக்கு எழுதுங்கள்.